ஒத்தைப் பிள்ளை விடுதி

ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னால் திலகவதி கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவாள். ஒருத்திக்கு வைக்கச் சொன்னால்தான் உப்பு தூக்கலாகிவிடும். கை அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய? அண்டாவில் தண்ணீர் அளந்த கை ஆழாக்கு அரிசியைப் பார்த்தால் தடுமாறத்தான் செய்யும். பெரிய பாத்திரங்களையெல்லாம் கழுவிப் பரண்மேல் கவிழ்த்துவிட்டு, ஒரு சின்னக் குக்கரோடு அவள் ஓட்டிய கடைசி வருஷத்தின் கதை இது.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, ஆர்ச் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது அந்த விடுதி. சுற்றுக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடக் கூடாது என்று அரசாங்கம் மானியம் ஒதுக்கிக் கட்டியது. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தங்கலாம், சாப்பாடு இலவசம், நடக்கிற தூரத்தில் அரசுப் பள்ளிக்கூடம். விடுதிக் காப்பாளர் என்று ஒரு டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா வாரம் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்றபடி சமையல்காரியும் திலகவதிதான், காவல்காரியும் அவள்தான், காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுகிறவளும் அவள்தான். அந்த வளாகத்திலேயே சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தாள்.

டவுன்ஷிப்பில் பிறந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்பா ரிட்டயர் ஆகிற அன்றைக்கு வேலையோடு வீடும் போய்விடும். திலகவதியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவர். பன்னிரண்டாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். அவள் பிறந்து வளர்ந்து, வயசுக்கு வந்து, மாலை மாற்றிக்கொண்டதெல்லாம் அந்த வீட்டில்தான். அப்பா ரிட்டயர் ஆனார், சாவியைக் கொடுத்தார், பெட்டி படுக்கையோடு தென்பக்கம் போய்விட்டார். அவள் இங்கேயே ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் தங்கிவிட்டாள். அந்த மகராசன் வேலை தேடித் திருப்பூர் போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, இன்னொரு குடும்பம் கிடைத்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. யாராவது அவளிடம் "பொறந்த வீடு எதும்மா?" என்று கேட்டால் பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் சொல்லலாம், அவ்வளவுதான். அந்த வீட்டுக் கொடியில் இப்போது யாரோ ஒருவருடைய துணி காய்கிறது.

ஆகவே, விடுதிதான் அவளுக்கு வீடு. பிள்ளைகள்தான் குடும்பம். விடிந்தால் "அக்கா, என் ரிப்பனைக் காணோம்", "அக்கா, இவ என் சோப்பை எடுத்துட்டா" என்று ஒரே கூச்சல். "ஏண்டி, சந்தைக்கடையாடி இது?" என்று கரண்டியை ஓங்கிக்கொண்டே ஓடுவாள். உள்ளுக்குள் அந்தச் சத்தம் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கிளம்பத் தொடங்கினார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று வந்தது. நல்லதுதானே, யார் வேண்டாமென்றது? பஸ் போகிற ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வீட்டிலிருந்தே வந்துபோக ஆரம்பித்தார்கள். மைன்ஸுக்கு நிலம் போன ஊர்க்காரர்கள் சிலர் குடிபெயர்ந்தார்கள், அவர்களோடு பிள்ளைகளும் போனார்கள். இப்படியே கரைந்து கரைந்து மிஞ்சியது ஒரே ஒரு பெண். பெயர் இளவேனில். காடாம்புலியூருக்கு உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் அவள் குடியிருப்பு. அங்கே எந்தப் பஸ்ஸும் எட்டிப் பார்க்காது. இலவசப் பஸ்ஸாக இருந்தால் என்ன, வந்தால்தானே ஏற முடியும்!

பதினொன்றாவது படித்தாள் இளவேனில். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பாள். பேச்சு வாங்குவது பெரும்பாடு. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவினால் போகமாட்டாள். சமையலறை வாசற்படியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திலகவதி பாத்திரம் தேய்க்க, இவள் விலங்கியல் படிக்க, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கணக்கில் இருப்பார்கள். ஐம்பது பேர் போட்ட கூச்சலைவிட இந்த ஒருத்தியின் மூச்சுச் சத்தம் திலகவதிக்குப் பெரிய துணையாகிப் போனது. பெரிய ஹாலில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்ன நாளிலிருந்து, திலகவதி பாயை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்ப் படுக்க ஆரம்பித்தாள். "உனக்குத்தாண்டி பயம்" என்று கேலி செய்வாள். தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் வந்தது.

பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள். பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி விழா நடத்திக் கொடுத்தார்கள். இளவேனில் அதைத் தள்ளிக்கொண்டே விடுதிக்கு வந்து சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ஏண்டி, ஏறி ஓட்டிக்கிட்டு வர வேண்டியதுதானே?" என்றாள் திலகவதி.

"தெரியாதுக்கா."

அடுத்த வாரமே மாவட்ட அலுவலகத்திலிருந்து சுப்புலட்சுமி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷிதான், குறை சொல்வதற்கில்லை. காலி ஹாலைப் பார்த்தார், மடக்கி வைத்த கட்டில்களைப் பார்த்தார், சுவரோரம் நின்ற சைக்கிளையும் பார்த்தார்.

"என்ன திலகவதி, ஒரு பொண்ணுக்கு ஒரு ஹாஸ்டலா? மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? சைக்கிள் வந்துடுச்சே, வீட்லேர்ந்து வந்து போகலாமே?"

திலகவதி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அதுக்கு ஓட்டத் தெரியாதுங்க மேடம்."

"ஓட்டத் தெரியாத பிள்ளையை ரோட்ல விட முடியாது, வாஸ்தவம். அப்படின்னா வருஷம் முடியற வரைக்கும் இருக்கட்டும். கத்துக்கிட்டா சொல்லு, மூடிடலாம். உனக்கு வேற ஹாஸ்டல்ல போஸ்டிங் போட்டுத் தரேன். நீ சொல்றதுதான்."

ஜீப் போய்விட்டது. ஒரு விடுதியின் ஆயுளைத் தூக்கி ஒரு சமையல்காரியின் நாக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார் மேடம். அந்தப் பெண் சைக்கிள் கற்றுக்கொள்ளாத வரைக்கும் திலகவதிக்குத் துணை உண்டு. கற்றுக்கொண்டால் மறுபடியும் ஒற்றை ஆள்.

எந்த மனுஷியும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். சைக்கிளுக்கு ஒரு குறையாகக் கண்டுபிடித்தாள். முதலில் போல்ட்டெல்லாம் லூஸ் என்றாள். அது பொய்யும் இல்லை. அரசாங்க சைக்கிளைக் கடையில் கொடுத்து ஒருமுறை முடுக்கி வாங்காமல் யாரும் ஏறுவதில்லை. சரி, முடுக்கி வாங்கியாயிற்று. பிறகு டயரில் காற்று நிற்கவில்லை என்றாள். பிறகு மழை. பிறகு பரீட்சை. இளவேனிலும் ஒருநாள்கூட "சைக்கிள் கத்துக் குடுங்கக்கா" என்று வாய் திறக்கவில்லை. திலகவதிக்கு உள்ளூர நிம்மதி.

நிம்மதியைக் கெடுத்தது போன். இளவேனிலின் அம்மா கனகம் சாயங்காலங்களில் திலகவதியின் செல்லுக்குக் கூப்பிடுவாள். பெண் அதை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடும். "வரேம்மா... சரிம்மா... வந்துடறேன்னு சொல்றேன்ல" என்று முனகுவது படியில் நிற்கிற திலகவதிக்குக் கேட்கும். ஷிப்ட் சங்கு ஊதி, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய், பொழுது மங்குகிற வரைக்கும் அந்தப் பெண் அங்கேயே நின்று காடாம்புலியூர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது பார்த்தாள், கைப்பிடிச் சுவரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அது தேம்பிக்கொண்டிருந்தது.

சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டாள் திலகவதி. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெத்தவள் அங்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பிள்ளை இங்கே அழுதுகொண்டிருக்கிறது, நடுவில் நான் ஒருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேனே! எனக்கு யாருமில்லை என்பதற்காக ஊரார் பிள்ளையை இருத்தி வைத்துக்கொள்வதா? நான் என்ன ராட்சசியா? இப்படியெல்லாம் தன்னையே பிடுங்கித் தின்றாள். அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தாள்.

"வாடி, கத்துக்கோ."

இளவேனில் விழித்தாள். "இப்பயேவாக்கா?"

"இப்பவேதான். எத்தனை நாளைக்குத் தள்ளிக்கிட்டுத் திரிவே?"

டவுன்ஷிப் ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், காலையில் வண்டி நடமாட்டமும் குறைச்சல். சைக்கிள் பழக அதைவிடத் தோதான இடம் கிடையாது. திலகவதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பெண் நாலு மிதி மிதிக்கும், ஹேண்டில்பாரை ஒடிக்கும், தொப்பென்று சாயும். மறுபடி ஏறும், மறுபடி சாயும். வாக்கிங் போகிற அய்யாசாமி என்கிற ரிட்டயர்டு ஆசாமி ஒருவர் தினமும் நின்று பார்த்துவிட்டு, "இந்த ஜென்மத்துல இது ஓட்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"உங்க வேலையைப் பாருங்க சார்!" என்பாள் திலகவதி. இளவேனில் பக்கம் திரும்பி, "நீ ஏறுடி. வாரா வாரம் அம்மாவைப் பார்க்க ஏங்க வேண்டாம், தினமும் பார்க்கலாம்" என்பாள். சொல்லிவிட்டுக் கேரியரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

பல நாள் இப்படியே போயிற்று. ஒரு காலையில் பெண் சாய்ந்த பக்கம் இழுபட்டு, திலகவதியே குப்புற விழுந்தாள். இரண்டு முழங்காலும் சிராய்ந்து ரத்தம். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. இளவேனில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். துப்பட்டாவால் ரத்தத்தை ஒற்றினாள்.

"போதும்க்கா. வேணாம்க்கா."

"போடி, இதெல்லாம் ஒரு அடியா? நீ ஓட்டற வரைக்கும் நான் விடமாட்டேன்."

அடுத்த நாள் காலையில் அதிசயம் நடந்தது. இளவேனில் ஏறினாள், மிதித்தாள், போனாள். சாயவில்லை, திணறவில்லை. ரவுண்டானா வரை போய் வளைந்து திரும்பி வந்து அவள் முன்னால் பிரேக் பிடித்து நின்றாள். அய்யாசாமி கைதட்டினார். திலகவதி சிரித்தாள், அழுதாள், அந்தப் பெண்ணின் முகத்தை வழித்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். பெண்ணின் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை. பயம் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டாள். பேசி முடித்து வைத்ததும் சமையலறையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. வாழ்நாளில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை, இந்த ஒரு நல்ல காரியத்தையாவது மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்துவிட்டோம் என்ற ஆறுதல்.

கார்த்திகையில் விடுதியைப் பூட்டினார்கள். கட்டில்களும் அண்டாக்களும் லாரி ஏறின. திலகவதியை விருத்தாசலத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு மாற்றினார்கள். பையன்கள் தட்டை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். படியில் உட்கார்ந்து படிக்க அங்கே யாரும் இல்லை. தங்க இடம் தராததால், பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் அவள் பேசினால் அவளுக்கே திரும்பக் கேட்கும். டிவி வாங்கி வைத்தாள். கனகத்தின் நம்பருக்கு இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. பிள்ளை வீட்டோடு சந்தோஷமாக இருக்கும், நம்மை எங்கே நினைக்கப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

தை பிறந்து பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காடாம்புலியூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து, செம்மண் தடத்தில் முந்திரித் தோப்பு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தாள்.

வீட்டு வாசலில் சாக்கு விரித்து இளவேனிலும் கனகமும் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். திலகவதியைப் பார்த்ததும் பெண் சடாரென்று எழுந்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துப் பார்த்தாள் திலகவதி. கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற காரப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் வெந்து உரிந்திருந்தது.

"என்னடி இது? ஒருநாள் லீவுல இப்படியா ஆகும்? பரீட்சைக்குப் படிக்கிறியா இல்லியா?"

இளவேனில் தலையைக் குனிந்துகொண்டாள். கனகம்தான் பதில் சொன்னாள். "பள்ளிக்கூடமாங்க? அது நின்னு போச்சிங்களே. வூட்ல இருந்துகினே போய்ட்டு வரட்டும்னுதான் சொன்னோம். விடியக்காலம் கொட்ட ஒடைக்க ஆள் பத்தலன்னா புள்ளையத்தான எழுப்பறோம். ஒருநாள் லேட்டு, ரெண்டுநாள் போவல. அப்பறம் அவங்க அப்பாவும் வேலைக்கிப் போவ சைக்கிள எடுத்துகினு போய்டறாரு. வூடுன்னு இருந்தா வேல சும்மா வுடுமாங்க? அங்க ஆஸ்டல்ல இருந்தவரிக்கும் 'வாடி, வந்து ஒரு கை குடுடி'ன்னு போன்லதான் கத்திகினு இருப்பன். அது வராது."

மொட்டை மாடியில் அந்தப் பெண் எதற்காக அழுதது என்பது அப்போதுதான் திலகவதிக்கு உறைத்தது.

இளவேனிலின் அப்பா கொளஞ்சிநாதன் உள்ளேயிருந்து வந்தார். நாற்காலி போட்டார், டீ வைக்கச் சொன்னார். திலகவதி உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, பிள்ளையை என்கூட அனுப்புங்க. விருத்தாசலத்துல ரூம் எடுத்திருக்கேன். அங்கேயே கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்த்துவிடறேன். என் சொந்தப் பிள்ளை மாதிரி வச்சிருப்பேன்."

கொளஞ்சிநாதன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அது ஆஸ்டலு, கவர்மெண்டு. ஊர்ல எவனாச்சும் கேட்டா ஆஸ்டல்ல இருந்துகினு படிக்குதுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவன். இப்ப யாரு வூட்ல இருக்குதுன்னு சொல்றது? ஒறவும் இல்ல, சாதி சனமும் இல்ல. வயசுப் புள்ளைங்க. ஆஸ்டல மறுபடி தொறந்தாங்கன்னா சொல்லுங்க, அன்னிக்கே கொண்டாந்து வுடறன்."

அவள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் கோபப்படவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "பஸ்ஸ வுட்றப் போறாங்க. அக்காவ ரோடு வரிக்கும் கொண்டும்போய் வுட்டுட்டு வந்துடு" என்று மகளிடம் சைக்கிளைக் காட்டினார்.

இளவேனில் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்றாள்.

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள் திலகவதி. மணல் பாதை. சக்கரம் புதைகிற பாதை. முந்திரி வேர் குறுக்கே ஓடுகிற பாதை. பின்னால் கனத்த உடம்புக்காரி. அந்தப் பெண் ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றவில்லை. பள்ளம் வந்தால் எழுந்து நின்று மிதித்தாள், வேர் வந்தால் நெளித்து எடுத்தாள். நாலு நாள் பழக்கத்தில் வருகிற ஓட்டமா இது?

"எப்பலேர்ந்துடி ஓட்டற நீ?"

இளவேனில் இன்னொரு வேரை நெளித்துத் தாண்டினாள். "ஆறாவது படிக்கும்போதே. எங்கப்பா பழைய வண்டில கொரங்குப் பெடல் போட்டுக் கத்துகினன்."

"அப்ப அங்க ஏண்டி தினமும் விழுந்தே?"

"ஓட்டத் தெரியலன்னா வூட்டுக்கு அனுப்பமாட்டாங்கன்னுதான். நீங்க வுழுந்து ரத்தம் வந்திச்சி பாருங்க, அதுக்கப்பறம் எனக்கு மனசு வர்ல."

"அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி? எனக்கு இங்கயே இருக்கணும்க்கான்னு ஒரே ஒரு வார்த்தை?"

இளவேனில் திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். "எப்பிடிக்கா சொல்றது? அவ்ளோ பாடுபட்டு என்னை அனுப்பறதுக்குத்தான நீங்க ஓடிகினு இருந்தீங்க? ஒத்தப் புள்ளைக்கு ஆக்கிப் போட்டுகினு ஒங்களுக்கும் சலிச்சிப் போச்சின்னு நெனச்சிகினன்."

"இல்லடி. ஐயோ, இல்லடி" என்றாள் திலகவதி. அந்த முதுகைப் பார்த்து "இல்லடி, இல்லடி" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ரோடு வந்துவிட்டது, எதிரில் விருத்தாசலம் பஸ்ஸும் வந்துவிட்டது. கண்டக்டர் "ஏறும்மா, ஏறு" என்று விசில் ஊதினார். உள்ளே ஏறி அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், இருட்டுவதற்குமுன் வீடு சேர வேண்டிய இளவேனில் சைக்கிளைத் திருப்பி மிதிக்கத் தொடங்கியிருந்தாள்.